ஷோரூம் வெளிச்சம்

கடையில் எனக்கு ‘சவுண்டு’ என்று பெயர். டிவி பிரிவில் நாங்கள் நாலு பேர் இருந்தாலும் வாசலில் நிற்கிற காவலாளி வரைக்கும் கேட்பது என் குரல் ஒன்றுதான். பதினோரு வருஷமாக இதே சுவர், இதே வேலை, இதே வாய். ஒருவர் எந்த டிவியை மனசில் வைத்துக்கொண்டு உள்ளே வருகிறாரோ அதை விட்டுவிட்டு, நான் கை காட்டிய டிவியைத்தான் தூக்கிக்கொண்டு போவார். அதில் எனக்கு நல்ல திமிர் உண்டு. உண்டு என்பது தப்பு, இருந்தது.

காலையில் ஷட்டரைத் தூக்கியதும் சுவரில் இருக்கிற அத்தனை டிவிகளையும் ஷோரூம் மோடில் போடுவது என் பொறுப்பு. வெளிச்சம் உச்சத்துக்கு, நிறம் உச்சத்துக்கு, கூடவே படத்தை வழவழப்பாக்குகிற ‘ஸ்மூத் மோஷன்’. அதைப் போட்டால் ஓடுகிற குதிரை வெண்ணெயில் வழுக்கிக்கொண்டு போவது மாதிரி இருக்கும். பார்க்கிறவர் வாய் பிளப்பார். பிளந்த வாய் மூடுவதற்குள் நான் பில் போட ஆளைக் கூப்பிட்டுவிடுவேன்.

அக்கா டிவி வாங்க வந்த அன்றும் நான் அதே ஆள்தான்.

டிவி அத்தானுக்கு. அத்தான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். பதினைந்து மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒரு நாற்காலி, இரண்டு கைக்கும் இரண்டு லீவர். கீழே கப்பலில் இருக்கிற கன்டெய்னரைத் தூக்கி லாரியில் வைக்க வேண்டும். ஒரு சாண் தள்ளி வைத்தால் பக்கத்தில் நிற்கிறவன் கால் போய்விடும். இருபத்து மூன்று வருஷத்தில் யாருக்கும் ஒரு கீறல்கூட விழாமல் ஓட்டிய மனுஷன். போன வருஷம் குளித்துவிட்டு வெளியே வரும்போது வலது பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு ஒரு மாதத்தில் திரும்பியது, கால் மூன்று மாதத்தில் சரியானது. கை மட்டும் அடம் பிடித்தது.

பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்ட் ரப்பர் பந்தை அழுத்தச் சொன்னார், சுவரில் விரலால் ஏறச் சொன்னார். அத்தானுக்கு அலுத்துப்போனது. “அப்ப வீடியோ கேம் ஆடுங்க சார், கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்யும். உங்க லீவர் மாதிரியே அதுலயும் ரெண்டு குச்சி இருக்கும்” என்றாராம் அவர். அந்த இரண்டு குச்சி என்ற வார்த்தையில் அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார் என்று அக்கா சொன்னாள்.

கிரேன்காரர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. டாக்டர் சீட்டுக் கொடுத்தாலும் அதை நம்பி யாரையும் மேலே அனுப்பமாட்டார்கள். ஏறப்போகிறவர் சூப்பர்வைசர் எதிரில் நின்று, “நான் ரெடி” என்று தன் வாயால் சொல்ல வேண்டும். ரெண்டு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டு வந்தாலும் அப்படித்தான். சொல்லாதவரை ஏன் என்று கேட்கமாட்டார்கள், சொன்னவரைச் சந்தேகப்படவும் மாட்டார்கள். அத்தான் அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்காகத்தான் ஒரு வருஷமாக அந்தக் கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

“கேம் ஆட எது நல்லதோ அதைக் குடுடா. சின்னதா இருந்தாலும் போதும்” என்றாள் அக்கா.

நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. என்ன கேம், எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து ஆடுவார், எதற்காக ஆடுகிறார், ஒன்றும் இல்லை. சுவரின் நடுவில் ராஜா மாதிரி தொங்கிக்கொண்டிருந்த அறுபத்தைந்து இன்ச்சைக் கை காட்டினேன்.

“கேமுக்குன்னா இதைத் தவிர வேற எதையும் தொடாதே. அத்தான் படுத்துக்கிட்டே உலகத்தைப் பார்க்கலாம்.”

“அவர் படுக்கக் கூடாதுன்னுதானே வாங்கறோம்” என்றாள் அக்கா. ஆனாலும் வாங்கினாள். தம்பி சொன்னால் அவளுக்கு அதற்கு மேல் பேச்சில்லை.

வீட்டுக்குப் போய் மாட்டிக் கொடுத்ததும் நான்தான். வேறு ஆளை அனுப்பியிருக்கலாம். அனுப்பியிருந்தால் அவன் பெட்டியைப் பிரித்து, வயரைச் சொருகி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருப்பான், டிவியும் தன் பாட்டுக்கு ஒழுங்காக இருந்திருக்கும். நான் சொந்தக்காரன் அல்லவா, எனக்குக் கை ஊறியது. அக்கா கூடவே வாங்கியிருந்த கேம் பெட்டியை இணைத்ததும் திரையின் ஓரத்தில் ஒரு கேள்வி வந்தது. ‘கேம் மோடுக்கு மாற்றவா?’ மாற்றிப் பார்த்தேன். படம் கொஞ்சம் மங்கியது, நிறம் அடங்கியது. நான் புகழ்ந்து கொண்டுவந்த டிவி அத்தான் கண் முன்னால் அழுது வடிவதா? உடனே வேண்டாம் என்று அழுத்தி, கடையில் தினமும் செய்கிற மாதிரி எல்லாவற்றையும் உச்சத்துக்கு ஏற்றினேன். வழவழப்பையும் சேர்த்துத்தான்.

“கடையில பார்த்த மாதிரியே இருக்குடா!” என்றாள் அக்கா.

“பின்னே? யார் செட் பண்ணினது?” என்றேன்.

டிவி கேட்டது, நான்தான் வேண்டாம் என்றேன். பிற்பாடு எத்தனை விதமாக எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடியபோதும் இந்த ஒரு வரி மட்டும் அசையவில்லை.

அத்தான் தினமும் காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் ஆடினார். மலைப்பாதையில் கார் ஓட்டுகிற கேம். முதலில் எல்லா வளைவிலும் மோதினார், பிறகு பாதி வளைவுகளில். அதற்கு மேல் நகரவில்லை. இதற்கிடையில் சட்டைப் பொத்தானைத் தானே போட ஆரம்பித்திருந்தார், தானே ஷேவ் செய்துகொண்டார், டீ தளும்பாமல் எடுத்து வந்தார். பிசியோதெரபிஸ்ட், இனி நான் வரவேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார். கேமில் மட்டும் கார் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டே இருந்தது.

“கண்ணு பார்க்குது, மனசு திருப்புன்னு சொல்லுது, நான் திருப்பவும் திருப்புறேன். ஆனா கை லேட்டாத்தான் வருதுடா” என்றார் ஒரு ஞாயிற்றுக்கிழமை. “டீ எடுக்கறதெல்லாம் ஒரு வேலையா? டீ டம்ளர் நகராது. கன்டெய்னர் ஆடும். இந்தக் கேம்தான் உண்மையைச் சொல்லுது.”

இன்னொரு நாள் அக்கா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “இடது கையால மட்டும் ஆடிப் பார்த்தாராம். அதுவும் லேட்டாத்தான் வருதாம். அந்தப் பக்கமும் இழுக்கப் போகுதோன்னு பயப்படறாருடா. ராத்திரியெல்லாம் இடது கை விரலை மடக்கி மடக்கிப் பார்க்கறார்.”

நல்ல கையும் தாமதமாக வருகிறது என்றால் கோளாறு கையில் இல்லை. இதைப் புரிந்துகொள்ள டாக்டர் படிப்பு வேண்டாம், டிவி விற்கிறவனுக்கு இருக்கவேண்டிய அறிவு இருந்தால் போதும். எனக்கு அது இருக்க வேண்டிய நேரத்தில் வாய்தான் இருந்தது. “வயசாகுதுல்லக்கா, அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு அவள் கொடுத்த டீயைக் குடித்தேன்.

அடுத்த வாரம் அத்தான் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். தன் வலது கையாலேயே எழுதினார். ‘என் கை கண்ணுக்குப் பின்தங்கி வருகிறது. கீழே ஆட்கள் நிற்கிற இடத்தில் இது ஆகாது. நான் ரெடி இல்லை.’ கம்பெனியில் அவரைக் கைவிடவில்லை. துறைமுக வாசலில், உள்ளே வருகிற லாரிகளின் கன்டெய்னர் நம்பரைச் சரிபார்க்கிற வேலை கொடுத்தார்கள். அவர் கூண்டுக்கு வேறொருவரை ஏற்றினார்கள்.

அதற்கு மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம், கடைக்கு ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயசு இருக்கும், முதுகில் பை, கையில் ஒரு கேம் கண்ட்ரோலர். கேம் ஆட டிவி வேண்டும் என்றாள். நான் வழக்கம்போல் அதே அறுபத்தைந்து இன்ச் எதிரே கொண்டுபோய் நிறுத்திக் கச்சேரியை ஆரம்பித்தேன்.

“அண்ணா, கொஞ்சம் பேசாம இருக்கீங்களா? நான் டெஸ்ட் பண்ணிக்கறேன்” என்றாள்.

பதினோரு வருஷத்தில் யாரும் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை. கடைப் பையன்கள் திரும்பிச் சிரித்தார்கள். அவள் டெமோவுக்கு வைத்திருந்த கேம் பெட்டியில் தன் கண்ட்ரோலரை இணைத்தாள். போனை என்னிடம் கொடுத்து, அவள் விரலும் திரையும் சேர்ந்து தெரிகிற மாதிரி வீடியோ எடுக்கச் சொன்னாள். பொத்தானை அழுத்தினாள், திரையில் துப்பாக்கி வெடித்தது. பிறகு வீடியோவை மெல்ல நகர்த்தி ஓட விட்டாள். விரல் அழுத்துகிறது. ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. விரல் எழுந்தே போய்விடுகிறது. அதற்கப்புறம்தான் திரையில் வெடிக்கிறது.

“பார்த்தீங்களா? ஒரு தடவை கண் சிமிட்டற நேரம் லேட்டு. நீங்க போட்டிருக்கற இந்த ஸ்மூத் சமாச்சாரம், டிவி ஒவ்வொரு படத்தையும் பிடிச்சு வச்சு மெழுகிட்டுத்தான் வெளிய விடும். படம் பார்க்கறதுக்குத் தெரியாது. கேம் ஆடினா செத்தோம். நம்ம கைதான் மந்தம்னு தோணும்.”

அவள் ரிமோட்டை வாங்கி கேம் மோடைப் போட்டாள். மறுபடி வீடியோ எடுத்தோம். விரலும் வெடியும் ஏறக்குறைய ஒன்றாக வந்தன. “டிவி நல்ல டிவிதான். இதையே எடுத்துக்கறேன்” என்றாள். அத்தான் டிவியில் நான் போட்டுக் கொடுத்திருந்ததும் இதே வழவழப்புதான். அவள் இரண்டு தடவை அண்ணா, அண்ணா என்று கூப்பிட்டது கேட்டது. பில் போடுவதை வேறொருவனிடம் தள்ளிவிட்டு, அக்கா வீட்டில் அவசரம் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

போகிற வழியெல்லாம் அந்தக் கடிதத்தின் வரிகள்தான் ஓடிக்கொண்டிருந்தன. பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டே, சத்தம் போடாமல் ரிமோட்டை எடுத்து மாற்றிவிட்டு வந்துவிடலாம், யாருக்கும் தெரியவேண்டாம் என்று முடிவு செய்தேன். அவ்வளவு கேவலமாகத்தான் யோசித்தேன், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அத்தான் வேலையிலிருந்து வந்து முகம் கழுவப் போயிருந்தார். அக்கா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அரை நிமிஷ வேலை. கேம் மோடைப் போட்டுவிட்டு ரிமோட்டை இருந்த இடத்திலேயே வைத்தேன். அத்தான் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“என்னடா இந்நேரத்துல? கடைக்கு லீவா?”

“சும்மாதான் அத்தான். ஒரு ஆட்டம் ஆடுங்களேன், பார்க்கலாம்.”

“இனிமே ஆடி என்ன” என்றார். இருந்தாலும் எனக்காக உட்கார்ந்தார். முதல் வளைவில் காரைத் தேவைக்கு முன்னாலேயே திருப்பி உள்பக்கம் போய் முட்டினார். இத்தனை மாதமாகத் தாமதத்துக்குப் பழகிப்போன கை அல்லவா. நெற்றியைச் சுருக்கினார். இரண்டாவது முறை மோதவில்லை. அடுத்த வளைவு, அதற்கடுத்த வளைவு. பாலம் வந்தது, பாலத்துக்குப் பிறகு ஒரு சுரங்கம். அந்தச் சுரங்கத்தை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. முதுகு மெல்ல நிமிர்ந்தது. துண்டு மடியிலிருந்து வழுக்கி விழுந்தது, அவர் கவனிக்கவில்லை. கூண்டுக்குள் அவர் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கடைசிக் கோட்டைத் தாண்டியதும் கண்ட்ரோலரை வைத்துவிட்டு வலது கையைத் தூக்கிப் பார்த்தார். உள்ளங்கையைப் பார்த்தார், புறங்கையைப் பார்த்தார்.

“ஏய், இங்க வா! சீக்கிரம் வா! கை வந்துடுச்சு!” என்று மாடிப்படி பக்கம் கத்தினார். அக்கா துணி மூட்டையோடு ஓடி வந்தாள். அவளை உட்கார வைத்து இன்னொரு தடவை ஓட்டிக் காட்டினார். மோதவே இல்லை. அக்கா மூட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும் சிரித்துவைத்தேன். என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாலே எனக்குக் கூசுகிறது.

அந்த வேகத்திலேயே சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, எங்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். “சார், நான் ரெடி” என்றார். ஒரு வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்த வார்த்தை அது.

அந்தப் பக்கம் சூப்பர்வைசர் சொன்னார். “ரொம்ப சந்தோஷம்யா. ஆனா நீயே உன் கைப்பட எழுதிக் குடுத்துட்டியே. அது ஃபைலுக்குப் போயிடுச்சு. கை லேட்டா வருதுன்னு எழுதினவனை நான் திரும்ப ஏத்தி, நாளைக்கு ஒரு ஆள் அடிபட்டா அந்தக் கடுதாசிதான் முதல்ல மேசைக்கு வரும். கூண்டுக்கும் ஆள் போட்டாச்சு. நீ ஒரு மாசம் முன்னாடி சொல்லியிருந்தா நானே கையைப் பிடிச்சு ஏத்தியிருப்பேன்.”

அத்தான் போனை வைத்தார். கோபமெல்லாம் படவில்லை. “நான்தான் அவசரப்பட்டுட்டேன். மூணு வாரம் பொறுத்திருந்தா கை தானா வந்திருக்கும். என் புத்தி” என்று நெற்றியில் லேசாக அடித்துக்கொண்டார். வலது கையால்.

“கை வந்ததே போதும், விடுங்க” என்றாள் அக்கா. “என் தம்பி பார்த்துப் பார்த்து எடுத்துக் குடுத்த டிவி. அதுல ஆடித்தான் இந்த அளவுக்காவது வந்துச்சு.” என் தலையில் கை வைத்தாள்.

அந்தக் கை அங்கே வராமல் இருந்திருந்தால் ஒருவேளை நான் ஒன்றும் சொல்லாமலே வீட்டுக்குப் போயிருப்பேன். என்னைப் பற்றி எனக்கு அவ்வளவுதான் நம்பிக்கை. அவள் கை பட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அந்தப் பெண் வந்தது, வீடியோ எடுத்தது, மெழுகுகிற சமாச்சாரம், டிவி கேட்ட கேள்வி, நான் அழுத்திய வேண்டாம், சற்று முன் திருட்டுத்தனமாக மாற்றியது, எல்லாம். சவுண்டு என்று பெயரெடுத்தவன் குரல் எனக்கே கேட்கவில்லை.

அக்கா கையை எடுத்துக்கொண்டாள்.

“நான் வந்து சூப்பர்வைசர்கிட்ட சொல்றேன் அத்தான். தப்பு டிவில, என் மேல. உங்க கை மேல இல்லேன்னு எழுதியே குடுக்கறேன்.”

“என்னன்னு எழுதுவே? டிவியைப் பார்த்து ரெடி இல்லேன்னான், டிவியைப் பார்த்து ரெடின்னான்னா?” அத்தான் சிரித்தார். “அதுக்கப்புறம் நான் ரெடின்னு சொன்னா, கீழ நிக்கறவன் எவன்டா நம்புவான்?”

பிறகு கீழே விழுந்து கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். “ஒண்ணு மட்டும் சொல்லு. நான் கடுதாசி எழுதின அன்னிக்கு என் கை சரியாத்தான் இருந்துச்சா?”

பொய் சொல்லத் தெரிந்த வாய்தான், அப்போது பொய் வரவில்லை. “இருந்திருக்கும் அத்தான்” என்றேன்.

“இடது கையும்?”

“அதுக்கு எப்பவுமே ஒண்ணும் ஆகலை.”

அவர் தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, திட்டவில்லை, எழுந்து போகவும் இல்லை. காறித் துப்பியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். ரிமோட்டை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

“பழைய மாதிரி வச்சுடு.”

“அத்தான்?”

“முன்னாடி எப்படி வச்சியோ, அப்படியே. நாளைக்குக் காலையில நான் வாசல்ல போய் உட்காரணும்டா. அங்கேருந்து பார்த்தா நேரா அந்தக் கூண்டுதான் தெரியும். ஒவ்வொரு தடவை அவன் தூக்கும்போதும் எனக்குத் தெரியும். நல்லா இருக்கற இந்தக் கையை மடியில வச்சுக்கிட்டு நான் எப்படிடா அதைப் பார்ப்பேன்?”

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.

ரிமோட்டை வாங்கினேன். கேம் மோடை எடுத்தேன். வெளிச்சத்தை ஏற்றினேன், நிறத்தை ஏற்றினேன், வழவழப்பைப் போட்டேன். மலை பளபளவென்று தெரிந்தது. அத்தான் கண்ட்ரோலரை எடுத்து முதல் வளைவில் சரியான நேரத்தில்தான் திருப்பினார். அவர் விரல் திரும்பியதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கார் நேராகப் போய்ச் சுவரில் மோதி நின்றது.

“ம். இப்ப சரி” என்றார்.